கிள்ளைக்கு வரும் பூவராகர்: நல்லிணக்கம் போதுமா, உரிமை வேணுமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்கள் நீக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு எபிசோட் ஒரு சாமி ஊர்வலத்தைப் பற்றியது. ஸ்ரீமுஷ்ணத்தில் கிளம்பி, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல பயணம் செஞ்சு, கிள்ளைக் கடற்கரைக்கு வந்து சேர்ற ஊர்வலம். அதை வெச்சு ஒரு பெரிய கேள்விக்குப் போகலாம்னு இருக்கேன்: ஒருத்தர் தன் மதத்தைப் பயமில்லாம பின்பற்றணும்னா, அவருக்கு உண்மையில் எது பாதுகாப்பு? பக்கத்துல இருக்கறவங்களோட நல்ல மனசா, இல்ல அதையும் தாண்டின ஏதோ ஒண்ணா?

கிள்ளை தெரியாதவங்களுக்குச் சின்ன அறிமுகம். சிதம்பரத்தில் இருந்து கிழக்கே, கடலைப் பார்த்துப் போனா வர்ற பேரூராட்சி. பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டுக்குப் படகு சவாரி போனவங்க பெரும்பாலும் கிள்ளை வழியாத்தான் போயிருப்பீங்க. பெயர்ப்பலகையைக் கவனிச்சிருக்க மாட்டீங்க, அவ்வளவுதான்.

மாசி மகத்து அன்னைக்கு என்ன நடக்குது

ஒவ்வொரு வருஷமும் மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி தீர்த்தவாரிக்காகக் கிள்ளைக்கு வருகிறார். சுத்துப்பட்டு ஊர்களில் இருந்தும் சாமிகள் வருது. வழி முழுக்க மண்டகப்படி. கடற்கரைக்குப் போற வழியில கிள்ளைக்குப் பக்கத்துல ஒரு தர்கா இருக்கு. ஊர்வலம் அங்கே வரும்போது தர்கா தரப்பு முஸ்லிம்கள் சாமிக்குப் பட்டும் மாலையும் கொடுத்து வரவேற்கிறாங்க. கோயில் தரப்பிலிருந்து அவங்களுக்குப் பதில் மரியாதை நடக்குது. அப்புறம் சாமி கடலுக்குப் போகிறார். மாசி மகத்துக்கு மறுநாள் பேப்பர்ல இந்தப் படத்தை நீங்க பார்த்திருக்கலாம். தலைப்பு பெரும்பாலும் 'மத நல்லிணக்கத்துக்கு எடுத்துக்காட்டு'ன்னு இருக்கும்.

இது எப்படி ஆரம்பிச்சதுன்னு கேட்டா, ஊர்ல ஒரு கதை சொல்வாங்க. நவாப் ஒருவருக்குத் தீராத நோய். பூவராகர் கோயில் தீர்த்தமும் பிரசாதமும் சாப்பிட்டுக் குணமானார். அந்த நன்றிக்கு நிலம் எழுதி வெச்சார். இந்தக் கதைக்குப் பல வடிவம் உண்டு. ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வாங்க. ஆனா எல்லா வடிவத்திலயும் ஒரு விஷயம் மாறாம இருக்கு. அன்பைப் பற்றி மட்டும் யாரும் கதை சொல்லல. நிலம், மானியம், யார் யாருக்கு எந்த இடத்துல என்ன மரியாதை செய்யணும்ங்கிற முறை, இதெல்லாம் கதைக்குள்ளயே இருக்கு. அதாவது, ஒரு நல்ல மனசுக்காரர் இருந்தார், அவர் போனதும் எல்லாம் போச்சுன்னு ஆகாம இருக்க, அதை ஒரு ஏற்பாடா மாத்திட்டாங்க.

இந்த வட்டாரத்துல அந்த நெருக்கம் திருவிழாவோட நிக்கிறது இல்ல. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தப்போ கிள்ளை, பிச்சாவரம் பக்கத்துக் கடலோரக் குப்பங்கள் கடுமையா அடிபட்டன. அப்போ பக்கத்துல இருக்கிற பரங்கிப்பேட்டையின் இஸ்லாமிய ஜமாஅத், பாதிக்கப்பட்ட மீனவ மக்களைத் தங்கவெச்சு, நாள்கணக்குல சோறு போட்டது. தங்கினவங்கள்ல பெரும்பாலானவங்க இந்துக்கள். அதனால கிள்ளையில் நடக்கிறது போட்டோவுக்காக நடக்கிற சடங்குன்னு நான் சொல்ல வரல. அது நிஜம்.

என் சந்தேகம் வேற. நான் சாஃப்ட்வேர் எழுதறவன். எங்க வேலையில ஒரு பழக்கம் உண்டு. எல்லாம் நல்லா இருக்கும்போது ஒரு சிஸ்டம் ஓடுதுன்னா அதை வெச்சு அது நல்ல சிஸ்டம்னு சொல்லிட மாட்டோம். ஒரு சர்வர் விழுந்தா என்ன ஆகும், கரண்ட் போனா என்ன ஆகும்னு பார்ப்போம். அதே கேள்வியை இங்கே கேட்போம். சாமி வருது, வழியில மசூதி இருக்கு, ஆனா இரண்டு தரப்புக்கும் மனஸ்தாபம். அப்போ?

ஒரே காட்சி, வேற வேற முடிவு

இதுக்குக் கற்பனை பண்ண வேண்டியதில்லை. 1882-ல் சேலத்தில் இதே காட்சிதான். மசூதி இருக்கிற தெரு வழியா, வாத்தியம் முழங்க, கோயில் ஊர்வலம் போகலாமா கூடாதா? பல காலமா புகைஞ்ச சண்டை, அந்த வருஷம் பெரிய கலவரமா வெடிச்சது. உயிர்கள் போச்சு. மசூதி தாக்கப்பட்டது. நகராட்சி உறுப்பினரா இருந்த சி. விஜயராகவாச்சாரியாரைக் கலவரத்தைத் தூண்டினதா குற்றம் சாட்டித் தண்டிச்சாங்க. அவர் மேல்முறையீடு செஞ்சு விடுதலையானார். பிறகு காங்கிரஸ் தலைவர் வரைக்கும் போன அதே 'சேலத்து நாயகர்' இவர்தான்.

அந்த ஊர்வலப் பிரச்னை சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு வரைக்கும் போனது. சுந்தரம் செட்டி வழக்குன்னு அதை இன்னைக்கும் எடுத்துக்காட்டுவாங்க. சாரம் இதுதான்: பொதுத் தெரு எல்லாருக்கும் பொது. எந்தப் பிரிவு மக்களும் அதில் ஊர்வலம் போகலாம். மத்தவங்க அந்தத் தெருவைப் பயன்படுத்தறதைக் கெடுக்கக் கூடாது. அமைதி காக்க மாஜிஸ்திரேட் போடுற நியாயமான உத்தரவுக்குக் கட்டுப்படணும்.

1924-ல் லண்டன் பிரிவி கவுன்சிலும் கிட்டத்தட்ட இதையே சொல்லுச்சு. சுவாரசியம் என்னன்னா, அந்த வழக்குல இரண்டு தரப்புமே முஸ்லிம்கள். வட இந்தியாவில் ஒரு ஊர்ல ஷியா ஊர்வலம் தங்கள் மசூதி முன்னாடி நின்னு துக்கம் அனுசரிக்கிறதை சுன்னிகள் ஆட்சேபிச்சாங்க. பொது வழியில, அதுக்குரிய சடங்குகளோட ஊர்வலம் போற உரிமை உண்டுன்னு தீர்ப்பு. இந்தச் சண்டைன்னாலே இந்து–முஸ்லிம்னு நம்ம மண்டையில பதிஞ்சிருக்கே, அது பாதிதான் உண்மை.

இப்போ நம்ம காலத்துக்கு வருவோம். பெரம்பலூர் மாவட்டம் வ.களத்தூர். அங்கே முஸ்லிம்கள் எண்ணிக்கையில அதிகம். கோயில் திருவிழா ஊர்வலம் எல்லாத் தெரு வழியாவும் போகறதுக்கு ஆட்சேபம் வந்து, வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2021-ல் நீதிபதிகள் என். கிருபாகரன், பி. வேல்முருகன் அமர்வு தீர்ப்பு சொன்னது. ஒரு பகுதியில் ஒரு மதத்தவர் அதிகமா இருக்காங்க என்ற ஒரே காரணத்துக்காக, இன்னொரு மதத்தவரின் விழாவையும் ஊர்வலத்தையும் தடுக்க முடியாது.

அந்தத் தீர்ப்புல எனக்கு முக்கியமா பட்டது இதுக்கு அவங்க சொன்ன காரணம். இந்த ஆட்சேபத்தை ஏத்துக்கிட்டா, அதே தர்க்கத்தை நாடு முழுக்க நீட்டிப் பாருங்க, சிறுபான்மையினர் நாட்டின் பெரும்பாலான இடங்கள்ல எந்த விழாவும் நடத்த முடியாத நிலைமை வரும் என்பதுதான் அந்த வாதம். ஒரு தெருவுல இந்துக்களுக்குப் பாதுகாப்பு கொடுக்கிற அதே விதிதான், இன்னொரு தெருவுல முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் பாதுகாப்பு. விதியை ஒரு இடத்துல உடைச்சா எல்லா இடத்துலயும் உடையும்.

கொஞ்சம் தூரமாப் போய் ஒரு உதாரணம் சொல்றேன். ஜெர்மனியில ஹம் என்கிற நகரம். இலங்கைப் போரிலிருந்து தப்பி அகதிகளாப் போன தமிழர்கள் 1980-களின் கடைசியில அங்கே ஒரு அடித்தள அறையில காமாட்சி அம்பாள் கோயிலை ஆரம்பிச்சாங்க. 1990-களில் அம்பாளைத் தெருவுக்கு எடுத்து வந்தாங்க. கூட்டம் வருஷா வருஷம் பெருகுச்சு. போக்குவரத்து, நெரிசல்னு அக்கம்பக்கத்துல புகார். இடம் மாத்தணும்னு ஆச்சு. கடைசியில நகரத்தின் தொழிற்பேட்டைப் பகுதியில இடம் வாங்கி, ராஜகோபுரத்தோட கோயில் கட்டி, 2002-ல் குடமுழுக்கு செஞ்சாங்க. இன்னைக்கு அந்தத் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுக்க இருந்து ஆயிரக்கணக்குல தமிழர்கள் வர்றாங்க.

அங்கே நாம சிறுபான்மை. அவ்வளவு சின்ன சிறுபான்மை, நம்ம ஓட்டை நம்பி எந்தக் கட்சியும் இல்ல. புகார் வந்தப்போ 'இந்த ஊர் எங்க ஊர், உங்க சாமி இங்கே வேண்டாம்'னு முடிச்சிருக்கலாம். ஆனா ஜெர்மன் அடிப்படைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு வழிபாட்டுச் சுதந்திரத்துக்கு உத்தரவாதம் தருது. அதனால கேள்வி 'நடத்தலாமா'ன்னு இல்லாம, 'எங்கே, எப்படி நடத்தலாம்'னு மாறுச்சு. சட்டம் செய்யக்கூடிய பெரிய உதவியே இதுதான்.

அப்பர் ஒரு மதம் மாறியவர்

இப்போ திரும்ப நம்ம கடலூர் கரைக்கே வருவோம். ஆனா 1400 வருஷம் பின்னாடி. ஏன்னா இதுவரை பேசினது ஊர்வலம் போற உரிமை. அதுக்கு முன்னாடி இன்னும் அடிப்படையான ஒண்ணு இருக்கு: ஒரு மதத்துல சேர்றது, அதை விட்டுப் போறது.

இன்னைக்குக் கடலூருக்குள்ள இருக்கிற திருப்பாதிரிப்புலியூர், ஒரு காலத்துல சமணர்களின் பெரிய கல்விக்கூடம். 'லோகவிபாகம்' என்கிற சமண அண்டவியல் நூல் பாடலி என்கிற இந்த ஊர்ல வெச்சு எழுதப்பட்டதுன்னு நூலே சொல்லுது. காஞ்சிப் பல்லவன் சிம்மவர்மனோட 22-ஆவது ஆட்சி ஆண்டு, சக ஆண்டு 380, அதாவது பொ.ஆ. 458. பல்லவர் காலக் கணக்கைச் சரி பண்ண வரலாற்று ஆய்வாளர்களுக்கு உதவின முக்கியமான குறிப்பு இது.

அந்தப் பாடலிக்கு ஒருத்தர் போய்ச் சேர்ந்தார். பக்கத்துல திருவாமூர்ல சைவக் குடும்பத்துல பிறந்த மருள்நீக்கியார். சமணத்துல சேர்ந்து தருமசேனர்னு பேர் வாங்கி, அங்கே பெரிய ஆளா ஆனார். அப்புறம் கடுமையான சூலை நோய் வந்து, அக்கா திலகவதியார் கிட்ட திருவதிகைக்குத் திரும்பி வந்து, மறுபடி சைவரானார். அவர்தான் அப்பர், திருநாவுக்கரசர்.

நாம இந்தக் கதையைப் பக்திக் கதையா கேட்டுப் பழகிட்டோம். ஒரு நிமிஷம் இன்றைய பாஷையில சொல்லிப் பாருங்க. இவர் இரண்டு தடவை மதம் மாறியவர். இரண்டாவது மாற்றம் அரசனுக்குப் பிடிக்கல. அரசன் அப்போ சமணத்தின் பக்கம். பெரியபுராணம் சொல்ற தண்டனைகளை வரிசையாப் பாருங்க: சுண்ணாம்புக் காளவாயில் அடைச்சாங்க, நஞ்சு கலந்த சோறு கொடுத்தாங்க, யானையை ஏவினாங்க, கடைசியில கல்லோட கட்டிக் கடல்ல போட்டாங்க. அந்தக் கல்லே தெப்பமாகி அவர் கரையேறின இடமும் திருப்பாதிரிப்புலியூர்தான்னு தலபுராணம்.

இதோட கதை முடிஞ்சா, 'அடக்குமுறை தோத்தது, சத்தியம் ஜெயிச்சது'ன்னு சந்தோஷமா எழுந்து போயிடலாம். ஆனா சேக்கிழார் அடுத்து ஒண்ணு சொல்றார். அரசன் மனம் மாறிச் சைவனாகிறான். உடனே பாடலியில் இருந்த சமணப் பள்ளியை இடிச்சு, அதன் கல்லை எல்லாம் கொண்டுவந்து திருவதிகையில் குணபரவீச்சரம் என்ற சிவன் கோயிலைக் கட்டுறான். 'குணபரன்' என்பது முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். அதனாலதான் அந்த அரசன் மகேந்திரன்னு ஆய்வாளர்கள் அடையாளம் காண்றாங்க.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். பெரியபுராணம் 12-ஆம் நூற்றாண்டு நூல். நடந்ததா சொல்லப்படுற காலத்துக்கு 500 வருஷம் கழிச்சு, சைவப் பார்வையில எழுதப்பட்டது. ஒவ்வொரு தண்டனையும் அப்படியே நடந்ததுன்னு வரலாறா எடுத்துக்க முடியாது. ஆனா அந்த நூல் எழுதப்பட்ட காலத்து ஆட்களுக்கு எது இயல்பாத் தெரிஞ்சதுன்னு அது நமக்குக் காட்டுது. அரசன் எந்த மதமோ, எதிர் மதம் அடி வாங்கும். அரசன் மாறினா, அடி வாங்குற ஆள் மட்டும்தான் மாறுவார். அடி மாறாது.

கவனிங்க, இந்தக் கதையில எந்த மதமும் 'எப்போதும் பாதிக்கப்பட்ட' மதமா இல்ல. எந்த மதமும் 'எப்போதும் கொடுமை செஞ்ச' மதமாவும் இல்ல. நேத்து கடல்ல போடப்பட்டவரின் கட்சி, இன்னைக்குப் பள்ளியை இடிக்குது. அந்தச் சமணத்தின் தொடர்ச்சி இன்னும் நம்ம கூடத்தான் இருக்கு. தமிழ்ச் சமணர்களின் மடம் செஞ்சிக்குப் பக்கத்துல மேல்சித்தாமூர்ல இன்னைக்கும் இயங்குது. அவங்க தமிழ்தான் பேசறாங்க. பல பேருக்கு இது தெரியவே தெரியாது.

கோபுரத்தில் இருந்து குதிச்சவங்க

அடுத்த நிறுத்தம் சிதம்பரம். இங்கே சண்டை இரண்டு மதத்துக்கு நடுவுல கூட இல்ல. சைவம், வைணவம்.

நடராஜர் கோயிலுக்குள்ளயே கோவிந்தராஜப் பெருமாள் சன்னதி இருக்கிறது உங்களுக்குத் தெரியும். திருமங்கையாழ்வார் பாடின தில்லைத் திருச்சித்ரகூடம் அதுதான். 12-ஆம் நூற்றாண்டுல இரண்டாம் குலோத்துங்கச் சோழன் அந்தப் பெருமாளை அகற்றிக் கடலுக்கு அனுப்பினான். எதிரிங்க சொன்ன புகார் இல்ல இது. அவனோட அரசவைக் கவிஞர் ஒட்டக்கூத்தர் இதை அவன் பெருமைகள்ல ஒண்ணா எழுதி வெச்சிருக்கார். செய்தவங்களுக்கு அது வெட்கமா இல்ல, சாதனையா இருந்தது.

400 வருஷம் கழிச்சு, 1539-ல், விஜயநகர அரசர் அச்சுததேவராயர் கோவிந்தராஜரைத் திரும்பப் பிரதிஷ்டை செய்ய வைக்கிறார். நியாயம் கிடைச்சாச்சுன்னு தோணும். ஆனா 1597-ல் செஞ்சி கிருஷ்ணப்ப நாயக்கர் அந்தப் பெருமாள் கோயிலைப் பெருசாக்கும் வேலையைத் தொடங்கினப்போ தீட்சிதர்கள் எதிர்த்தாங்க. அந்த நேரம் அந்தப் பக்கம் வந்த நிக்கோலா பிமெண்டா என்கிற ஏசு சபைப் பாதிரியார் நடந்ததை எழுதி வெச்சிருக்கார். எதிர்ப்பைக் காட்ட, சுமார் இருபது பேர் கோபுரத்து மேல ஏறிக் குதிச்சு உயிரை விட்டாங்க. நாயக்கர் மத்தவங்களைச் சுடச் சொன்னார். வேலை நிக்கல.

இதே கிருஷ்ணப்ப நாயக்கர்தான் ஏசு சபைப் பாதிரியார்களைத் தன் அவையில வரவேற்று, தான் உருவாக்கின ஊர்ல சர்ச் கட்டிக்க அனுமதி கொடுத்தவர். இவரை எப்படி எடை போடுறது? கிறிஸ்தவ மிஷனரிகள் கிட்ட கேட்டா 'சகிப்புத்தன்மை உள்ள அரசர்'னு சொல்வாங்க. அதே வருஷம் தீட்சிதர் வீட்டுப் பிள்ளை கிட்ட கேட்டா வேற பதில் வரும்.

என் வாதம் முழுக்க இந்த ஒரு ஆள்கிட்ட அடங்கிடுது. அவர் கொடுத்தது அனுமதி. அனுமதியை யாருக்குக் கொடுக்கணும், யாருக்கு மறுக்கணும்ங்கிறது அவர் இஷ்டம். உரிமைன்னா அது அவர் இஷ்டத்துல இருக்காது.

1948 டிசம்பரில் ஒரு வாரம்

அந்த இஷ்டத்தை எடுக்கிற வேலை நம்ம நாட்டுல 1948 டிசம்பர்ல நடந்தது. அரசியல் நிர்ணய சபையில மதச் சுதந்திரப் பிரிவு மேல விவாதம். டிசம்பர் 3-லயும் 6-லயும். ஒரு மதத்தை 'பின்பற்ற' உரிமை சரி, 'பரப்ப'வும் உரிமை கொடுக்கணுமா? பலர் எதிர்த்தாங்க. நாடு பிரிஞ்சு ஒன்றரை வருஷம் கூட ஆகல. காந்தி கொல்லப்பட்டு ஒரு வருஷம் ஆகல. அந்தச் சூட்டுலதான் பேச்சு.

அன்னைக்கு 'பரப்ப' என்ற சொல்லை ஆதரிச்சுப் பேசினவங்கள்ல ஒருத்தர் சென்னைக்காரர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. தான் பதினாலு வருஷம் கிறிஸ்தவ நிறுவனங்கள்ல படிச்சதாகவும், யாரும் தன்னை மதம் மாத்த முயற்சி பண்ணலைன்னும் சபையில சொன்னார். சொல் தங்கியது. இன்றைய 25-ஆவது பிரிவு அதுதான். அதுல இன்னொரு நுணுக்கம்: 'குடிமக்கள்'னு போடாம, 'எல்லா மனிதர்களும்'னு போட்டாங்க. இங்கே படிக்க வந்த வெளிநாட்டுக்காரருக்கும், அகதிக்கும் சேர்த்துத்தான் அந்த உரிமை.

நாலு நாள் கழிச்சு, டிசம்பர் 10-ல் பாரிஸ்ல ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தை ஏத்துக்கிட்டாங்க. அதோட 18-ஆவது பிரிவு இன்னும் வெளிப்படையா சொல்லுது: ஒருவர் தன் மதத்தை மாற்றிக்கொள்ளும் சுதந்திரமும் இதில் அடங்கும். அப்பருக்குத் தேவைப்பட்ட வரி.

ஆனா எழுதியாச்சுன்னா முடிஞ்சதுன்னு இல்ல. 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்குல உச்ச நீதிமன்றம், பரப்புற உரிமைக்குள்ள இன்னொருத்தரை மதம் மாத்துற உரிமை அடங்காதுன்னு சொல்லுச்சு. 2002-ல் தமிழ்நாடு அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2004 மக்களவைத் தேர்தலில் தோற்ற பிறகு அதே அரசே அதைத் திரும்பப் பெற்றது. மிரட்டியோ ஏமாத்தியோ மதம் மாத்தறது தப்புங்கிறதுல யாருக்கும் சண்டை இல்ல. மாறணும்னு ஒருத்தர் தானா முடிவெடுக்கும்போது, அது நிஜமா அவர் முடிவுதானான்னு சர்டிபிகேட் கொடுக்கிற அதிகாரம் அரசு கையில இருக்கலாமாங்கிறதுதான் சண்டை. பல்லவ அரசன் கேட்டதும் கிட்டத்தட்ட அதே கேள்விதான்.

உள்ளே போகிற உரிமை

கடைசியா ஒண்ணு. இதைச் சொல்லாம சிதம்பரத்தை விட்டு வந்தா அது நேர்மையா இருக்காது. மதச் சுதந்திரம்னா இன்னொரு மதத்துக்காரங்ககிட்ட இருந்து பாதுகாப்பு மட்டும்தானா? தன் மதத்துக்குள்ளயே ஒருத்தருக்குக் கதவு சாத்தியிருந்தா?

நந்தனார் கதை நமக்கெல்லாம் தெரியும். தில்லைக்குப் போகணும்னு ஏங்கினவர், உள்ளே போக நெருப்புல இறங்க வேண்டியிருந்தது. அதே சிதம்பரத்துல 1916-ல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பேர்லயே கல்விக் கழகம் தொடங்கினார். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி, விடுதி. சட்டமன்றத்துலயும் அந்த மக்களுக்காகப் பேசினார். 1947-ல் சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவிலேயே, இந்துக் கோயில்களை எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிடச் சட்டம் போடலாம்னு ஒரு உட்பிரிவு இருக்கு.

இங்கே இரண்டு உரிமை மோதும். 25-ஆவது பிரிவு தனி மனிதருக்கு. 26-ஆவது பிரிவு ஒரு சமயப் பிரிவு தன் காரியங்களைத் தானே நடத்திக்கிற உரிமை. சிவனடியார் ஆறுமுகசாமி, சிற்றம்பல மேடையில நின்னு தமிழ்ல தேவாரம் பாடணும்னு வருஷக்கணக்கா போராடினார். 2008 மார்ச் 2-ல் அரசாணையோட, போலீஸ் பாதுகாப்போட பாடினார். அவர் கேட்டது 25-ஆவது பிரிவின் உணர்வு. தீட்சிதர்கள் சொன்னது 26. கோயிலுக்கு அரசு செயல் அலுவலரை நியமிச்சதை 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணி, நிர்வாகம் தீட்சிதர்களுக்குத் திரும்பிப் போனது. 2022 மே மாதம் கனகசபையில் ஏறிப் பக்தர்கள் வழிபட அரசாணை வந்தப்போ மறுபடி விவாதம்.

யார் பக்கம் சரின்னு நான் இந்த எபிசோடுல தீர்ப்பு சொல்லல. என் மனசு எந்தப் பக்கம் சாயுதுன்னு கேட்டா, பாட வந்தவர் பக்கம்தான். ஆனா ஒண்ணைக் கவனிங்க. 1597-ல் இதே கோயில்ல கருத்து மோதல் வந்தப்போ இருபது பேர் குதிச்சுச் செத்தாங்க, மிச்சம் பேர் மேல துப்பாக்கி நீண்டது. இப்போ அதே இரண்டு தரப்பும் வக்கீல் வெச்சுக்கிட்டு நீதிமன்றத்துல நிக்கிறாங்க. இழுபறி, எரிச்சல், வருஷக்கணக்கா வாய்தா, எல்லாம் உண்டு. ஆனா யாரும் சாகலை. இது சின்ன முன்னேற்றம் இல்லைன்னு நினைக்கிறேன்.

அப்போ கிள்ளை?

நல்லிணக்கம் வேண்டாம், சட்டம் போதும்னு நான் சொல்லலை. கோர்ட் உத்தரவை வெச்சு ஊர்வலத்தைப் போக வைக்கலாம். பட்டும் மாலையும் கொண்டுவர வைக்க முடியாது. அதை மனுஷங்கதான் கொண்டுவரணும். சுனாமி அன்னைக்குச் சோறு போடச் சொல்லி யாருக்கும் அரசியல் சாசனம் உத்தரவு போடலை.

ஆனா நல்லிணக்கத்தை மட்டும் நம்பினா ஒரு ஆபத்து இருக்கு. அது நாளடைவில, எண்ணிக்கையில குறைஞ்சவங்க மேல ஒரு சுமையாயிடும். 'பாருங்க, கிள்ளையில எவ்வளவு நல்லவங்களா இருக்காங்க, நீங்க ஏன் அப்படி இல்ல?'ன்னு கேட்க ஆரம்பிப்போம். வாழ்ற உரிமைக்காக ஒருத்தர் தினமும் நல்லவர்னு நிரூபிச்சுக்கிட்டே இருக்கணுமா? பக்கத்து வீட்டுக்காரரோட பேச்சுவார்த்தையே இல்லாத, சிடுமூஞ்சியான, எந்தத் திருவிழாவுக்கும் யாருக்கும் மாலை போடாத ஒரு மனுஷன் இருக்கான்னு வெச்சுக்குவோம். அவனும் தன் சாமியைக் கும்பிட, அல்லது எந்தச் சாமியையும் கும்பிடாம இருக்க, முழு உரிமை உள்ளவன்தான். அவனுக்கும் சேர்த்துத்தான் அந்த 'எல்லா மனிதர்களும்'.

உங்களுக்கு ஒரு சின்ன வேலை கொடுக்கிறேன். நீங்க இருக்கிற தெருவை, அபார்ட்மெண்டை, ஆபீஸை நினைச்சுக்குங்க. அங்கே எண்ணிக்கையில் குறைவான மதத்துக்காரர் யார்? அவர் தன் பண்டிகையை நடத்தணும்னா யார்கிட்டயாவது அனுமதி கேட்க வேண்டியிருக்கா? அப்படி இருந்தா, அது ஏன்னு அடுத்த மீட்டிங்ல நீங்க கேளுங்க. அவர் கேட்டா அது சண்டை. நீங்க கேட்டா அது கேள்வி.

உங்க ஊர்ல கிள்ளை மாதிரி ஏற்பாடு ஏதாவது இருந்தா, அதுக்குப் பின்னாடி நிலமோ மானியமோ எழுதின முறையோ இருக்கான்னு வீட்டுப் பெரியவங்களைக் கேட்டு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பரங்கிப்பேட்டைத் துறைமுகத்தைப் பற்றிப் பேசலாம்னு இருக்கேன்.